வீணை கேட்டார்கள், பேண்டு வாத்தியம் வந்தது

இந்திய அரசமைப்பு எந்த நாட்டிடமிருந்து எதை வாங்கியது என்று ஓர் அட்டவணை உண்டு; போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அது மனப்பாடம். அயர்லாந்து என்றால் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள். கனடா என்றால் வலுவான மத்திய அரசு. ஆஸ்திரேலியா என்றால் பொதுப் பட்டியல். அமெரிக்கா என்றால் அடிப்படை உரிமைகள். ஜப்பான் என்றால் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’. ஜெர்மனி என்றால் நெருக்கடி நிலையில் உரிமைகளை நிறுத்தி வைப்பது. ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று நிச்சயம் வரும், பொருத்துக வகையில்.

இந்த அட்டவணையில் பெரிய பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடிப்பவர் மனதில் ஒரு தவறான படம் தங்கிவிடுகிறது. டெல்லியில் யாரோ பத்து நாட்டுச் சட்டப் புத்தகங்களை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைக் கத்தரித்து ஒட்டிவிட்டார்கள் என்ற படம். உண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த பிரிவுகளில் பல வந்த கோலத்திலேயே உள்ளே போகவில்லை. ஒரு சொல் வெட்டப்பட்டது, ஒரு சொல் சேர்க்கப்பட்டது, சில இடங்களில் கொடுத்த நாட்டுக்காரரே “இதை எடுக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்பினார். எந்த நாட்டிடம் வாங்கினோம் என்பதைவிட, வாங்கும்போது எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதில்தான் கதை இருக்கிறது.

அட்டவணையில் ஒரு வரியாக மட்டும் வரும் பெரிய கடனில் இருந்தே தொடங்குவோம்.

எதிரியின் சட்டம்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியது. நேரு அதை அடிமைச் சாசனம் என்றார். காங்கிரஸ் அதை நிராகரித்தது, அப்புறம் அதன்படியே 1937 தேர்தலில் நின்று பல மாகாணங்களில் ஆட்சியும் அமைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து விடுதலை பெற்ற நாட்டுக்கு அரசமைப்பு எழுத உட்கார்ந்தபோது, மேசையில் முதலில் இருந்ததும் அதுதான். மூன்று பட்டியல்களாக அதிகாரத்தைப் பிரிப்பது, ஆளுநர் என்ற பதவி, அவசரச் சட்டம் பிறப்பிப்பது, தேர்வாணையங்கள், நிர்வாகத்தின் நுணுக்கங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. பல இடங்களில் வாக்கிய அமைப்புகூட மாறவில்லை.

ஆஸ்திரேலியாவிடமிருந்து வந்ததாக நாம் படிக்கும் பொதுப் பட்டியல் 1935 சட்டத்திலேயே இருந்தது. மத்திய, மாகாண, பொதுப் பட்டியல்கள் என்ற அந்த மூன்று பெட்டிகளுக்குள்தான் சென்னை மாகாணம் 1937 முதல் இயங்கியது. அட்டவணை போட்டவர் ஆஸ்திரேலியாவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பெண் கொடுத்திருக்கிறார்.

எதற்கு எதிரியின் சட்டம்? காரணம் நடைமுறை சார்ந்தது. அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியது 1946 டிசம்பர் 9 அன்று. முஸ்லிம் லீக் வரவில்லை. எட்டே மாதத்தில் நாடு பிரிந்தது. அகதிகள் ரயில்களில் வந்துகொண்டிருந்தார்கள், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது, காஷ்மீரில் போர். கலெக்டர் அலுவலகமும் போலீஸும் வரி வசூலும் ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்ய யாருக்கும் தெம்பு இல்லை. ஓடுகிற வண்டியிலேயே சக்கரத்தை மாற்றினார்கள்.

1948 நவம்பர் 4 அன்று வரைவை அறிமுகம் செய்து பேசிய அம்பேத்கர் இதை மறைக்கவில்லை. 1935 சட்டத்திலிருந்து நிறைய எடுத்திருப்பதாகச் சொல்லும் குற்றச்சாட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, கடன் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்றார். இவ்வளவு காலம் கழித்து எழுதப்படும் அரசமைப்பில் புதிதாக இருக்கக் கூடியது, பழையவற்றின் குறைகளைக் களையவும் நாட்டின் தேவைக்கு ஏற்பவும் செய்யும் மாற்றங்கள் மட்டுமே என்பது அவர் வாதம்.

ஆனால் இந்தக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. 1935 சட்டத்தின் 93ஆவது பிரிவு, மாகாணத்தில் ஆட்சி நடக்க வழியில்லை என்றால் ஆளுநரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1939 இறுதியில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியதும் சென்னை மாகாணம் 1946 வரை அந்தப் பிரிவின் கீழ்தான் கிடந்தது. அதன் வாரிசுதான், மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் நம் அரசமைப்பின் 356ஆவது பிரிவு. சபையில் இதற்கு எதிர்ப்பு வந்தபோது, இந்தப் பிரிவு பயன்படாமலேயே ஏட்டோடு கிடக்கும் என்று நம்புவதாக அம்பேத்கர் சொன்னார். அடுத்த ஆண்டுகளில் நடந்தது வேறு. 1951இல் பஞ்சாபில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 1976, 1980, 1991 என்று மூன்று ஆட்சிகள் கலைக்கப்பட்டன, 1988இலும் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1994இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ். ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகுதான் கலைக்கும் கைக்கு ஓரளவு கட்டு விழுந்தது.

ராவ் மேசையும் ஏழு பேர் குழுவும்

வெளிநாட்டு மாதிரிகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த வேலை பெரும்பாலும் ஒருவருடையது. பெனகல் நரசிங் ராவ், ஐ.சி.எஸ். அதிகாரி, சபையின் அரசமைப்பு ஆலோசகர். சபையின் உறுப்பினர்கூட அல்ல. உலக நாடுகளின் அரசமைப்புகளிலிருந்து பொருத்தமான பகுதிகளைத் தொகுத்து, ‘முன்மாதிரிகள்’ என்ற பெயரில் உறுப்பினர்களுக்கு வரிசையாக அச்சிட்டுக் கொடுத்தார். பர்மாவின் 1947 அரசமைப்புக்கும் அவர் உதவியிருக்கிறார். 1947 அக்டோபரில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் வரைவைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு, அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று கிளம்பினார். எழுதியதைச் சரிபார்க்க, எழுதியவர்களிடமே கேட்கலாம் என்று.

அந்த வரைவைக் கையில் எடுத்தது 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைக்கப்பட்ட வரைவுக் குழு. தலைவர் அம்பேத்கர். சென்னையின் பங்கு அதில் கணிசம்: அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், பின்னால் வந்து சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. ஆனால் குழு என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. டி.டி.கே.யே சபையில் கணக்குச் சொன்னார்: ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் வேறு அரசு வேலைகளில், ஓரிருவர் டெல்லிக்குத் தொலைவில். கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது.

1948 பிப்ரவரியில் வெளியான வரைவில் 315 பிரிவுகள். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டபோது 395. இடையில் 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன, 2,473 திருத்தங்கள் சபையில் முன்மொழியப்பட்டன. தாமதம் தாமதம் என்று முணுமுணுத்தவர்களுக்கு அம்பேத்கர் ஒப்பீடு காட்டினார். அமெரிக்கா நான்கே மாதத்தில் முடித்தது, சரி. அதில் ஏழு பிரிவுகள்தான். ஆஸ்திரேலியா 128 பிரிவுகளுக்கு ஒன்பது ஆண்டுகள் எடுத்தது. அவர்களில் யாரும் நம்மைப் போல ஆயிரக்கணக்கான திருத்தங்களோடு மல்லுக்கட்டவில்லை.

டோக்கியோ வழியாக வந்த நான்கு சொற்கள்

என் கணக்கில், கடன் வாங்கிய கதைகளிலேயே ருசியானது 21ஆவது பிரிவின் கதைதான். “சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்படி அல்லாமல்” எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிற பிரிவு அது.

முதலில் அங்கே அமெரிக்கச் சொற்றொடர்தான் இருந்தது. அதைத் தமிழில் ‘முறையான சட்ட வழிமுறை’ என்று சொல்லலாம். கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், ‘முறையான’ என்ற சொல் வந்துவிட்டால் ஒரு சட்டம் இருக்கிறதா என்று மட்டும் நீதிபதி பார்க்க மாட்டார். அந்தச் சட்டம் நியாயமானதா என்றும் பார்ப்பார். அமெரிக்காவில் நீதிபதிகள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. 1905இல், ரொட்டிக் கடைத் தொழிலாளி நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை அவர்கள் ரத்து செய்தார்கள். தொழிலாளி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உழைக்க ஒப்பந்தம் செய்துகொள்வது அவன் சுதந்திரமாம். அடுத்த முப்பது ஆண்டுகள் தொழிலாளர் நலச் சட்டங்கள் பலவும் அந்தப் பாறையில் மோதின.

ராவ் அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அவர் சொன்னது நேரடியானது: மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தை ஒருசில நீதிபதிகள் தடுக்க வழிசெய்வது ஜனநாயகம் ஆகாது, நீதிமன்றத்தின் மீதும் அது நியாயமில்லாத சுமை. ஜமீன்தாரி ஒழிப்பையும் நிலச் சீர்திருத்தத்தையும் எதிர்நோக்கி இருந்த ஒரு நாட்டுக்கு இது காதில் விழாமல் போகுமா? 1948 வரைவில் ‘முறையான’ காணாமல் போனது. அந்த இடத்தில் ஜப்பானின் 1946 அரசமைப்பின் 31ஆவது பிரிவில் இருந்த சொற்கள் வந்து உட்கார்ந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானின் அந்த அரசமைப்புக்கான வரைவை 1946 பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்தவர்கள், டோக்கியோவில் ஜெனரல் மெக்கார்தரின் தலைமையகத்தில் இருந்த அமெரிக்கர்கள். ஆக, அமெரிக்கர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அமெரிக்கச் சொல்லை எடுத்துவிட்டு, அமெரிக்கர்கள் ஜப்பானுக்காக எழுதிய சொல்லைப் போட்டோம். அட்டவணையில் இது ‘ஜப்பான்’.

சபை இதைச் சும்மா விட்டுவிடவில்லை. வரைவுக் குழு உறுப்பினர் கே. எம். முன்ஷி பழைய சொல்லே வேண்டும் என்றார். அல்லாடி வேண்டாம் என்றார். பல உறுப்பினர்கள் பிரிட்டிஷ் சிறையைப் பார்த்தவர்கள். விசாரணை இல்லாமல் உள்ளே வைப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அம்பேத்கர் 1948 டிசம்பர் 13 அன்று இரு பக்க ஆபத்தையும் அடுக்கிக் காட்டிவிட்டு, முடிவைச் சபையிடமே விட்டார். நாடாளுமன்றம் கட்சி வெறியில் மக்களை நசுக்கலாம், ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் சொந்த விருப்பு வெறுப்பில் நல்ல சட்டத்தைக் கொல்லலாம். இரண்டு பாறைகளுக்கு நடுவே கப்பல் ஓட்டுவது போன்ற நிலை என்றார். திருத்தம் தோற்றது. அடுத்த ஆண்டு, உறுத்தலுக்கு மருந்து போலத் தடுப்புக் காவலுக்குச் சில வரம்புகளை 22ஆவது பிரிவாகச் சேர்த்தார்கள். முன்பு விட்டதற்கு ஈடு என்றே அம்பேத்கர் அதைச் சொன்னார்.

மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று சில மாதங்களில் தெரிந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறைகளில் 1947 டிசம்பரிலிருந்தே இருந்தார். புதிய அரசமைப்பு வந்ததும், புதிய தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் மறுபடி ஓர் ஆணை. உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் எம். கே. நம்பியார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும். 1950 மே மாதத் தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது: சட்டம் இருக்கிறது, அது சொல்லும் நடைமுறை நடந்திருக்கிறது, அது நியாயமா என்று கேட்க எங்களுக்கு இடமில்லை, அந்தச் சொல்லைத்தான் சபை யோசித்து நீக்கிவிட்டதே. ஃபசல் அலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

28 ஆண்டுகள் கழிந்தன. 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் முடக்கப்பட்ட வழக்கில் அதே நீதிமன்றம், நடைமுறை என்றால் நியாயமான, நேர்மையான, அறிவுக்கு ஒத்த நடைமுறை என்று பொருள் சொன்னது. சபை வாசலில் விட்டுவிட்டு வந்த ‘முறையான’ என்ற சொல் பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டது. 21ஆவது பிரிவின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

பெட்டி அயர்லாந்துடையது, சரக்கு நம்முடையது

மற்ற கடன்களில் சிலவற்றை வேகமாகப் பார்க்கலாம்.

அயர்லாந்தின் 1937 அரசமைப்பில் 45ஆவது பிரிவு அரசு பின்பற்ற வேண்டிய சமூகக் கொள்கைகளைச் சொல்லி, இவற்றை வைத்து வழக்குப் போட முடியாது என்றது. அந்த வடிவத்தை நாம் எடுத்துக்கொண்டோம். உள்ளே போட்டது கிராமப் பஞ்சாயத்து, குடிசைத் தொழில், மதுவிலக்கு, பசுப் பாதுகாப்பு. காந்தியவாதிகளை ஓரளவு அமைதிப்படுத்திய இடமும் இதுதான். எல்லோரும் தங்கள் ஆசையைக் கொண்டுவந்து கொட்டும் உணர்ச்சிக் குப்பைத்தொட்டி என்று டி.டி.கே. கிண்டல் செய்தார். கிண்டல் நியாயமானது என்றே தோன்றுகிறது. ஆனாலும் அந்தத் தொட்டியிலிருந்து பின்னாளில் எத்தனையோ சட்டங்கள் பிறந்தன.

ஆஸ்திரேலியாவிடமிருந்து உள்நாட்டு வணிகச் சுதந்திரம் வந்தது. அவர்கள் 92ஆவது பிரிவில் மாநிலங்களுக்கு இடையே வணிகம் ‘முற்றிலும்’ தடையற்றது என்று எழுதிவிட்டு, அந்த ஒரு சொல்லால் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம் சபை வேலை செய்துகொண்டிருந்த 1948இல்தான் அங்கே வங்கிகளை நாட்டுடைமையாக்கும் சட்டம் அதே பிரிவில் மோதி விழுந்தது. நம் 301ஆவது பிரிவில் ‘முற்றிலும்’ இல்லை. ‘இந்தப் பகுதியின் மற்ற பிரிவுகளுக்கு உட்பட்டு’ என்று ஒரு கடிவாளம் இருக்கிறது. இரு அவைகளின் கூட்டுக் கூட்டமும் அங்கிருந்துதான் வந்தது. இதுவரை சட்டம் நிறைவேற்ற அதைக் கூட்டியது மூன்றே முறை: 1961, 1978, 2002.

கனடா கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். 1860களில் கனடாவுக்குக் கூட்டாட்சி எழுதியவர்கள் பக்கத்து அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் எரிவதைப் பார்த்துக்கொண்டே எழுதினார்கள். மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் கொடுத்ததன் விளைவு இது என்பது அவர்கள் முடிவு. எந்தப் பட்டியலிலும் சேராத எஞ்சிய அதிகாரத்தை மையத்திடம் வைத்தார்கள், மாகாண ஆளுநரை மையமே நியமிக்கட்டும் என்றார்கள். நம் சபையோ 1946இல் நேர் எதிர்த்திசையில்தான் புறப்பட்டது. பிரிட்டன் அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டப்படி மையத்துக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மட்டும். மீதி எல்லாம் மாகாணங்களுக்கு. 1947 ஜூன் 3 அன்று பிரிவினை அறிவிக்கப்பட்டதும் கணக்கு தலைகீழானது. பலவீனமான மையத்தைக் காட்டி முஸ்லிம் லீகை இனித் தக்கவைக்க வேண்டியதில்லை. இருப்பதைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்ற பயம் வந்துவிட்டது. 1867இன் பயத்தை 1947இன் பயம் அடையாளம் கண்டுகொண்டது. ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பது என்று முதலில் இருந்த ஏற்பாடும் 1949 மே மாத விவாதத்தில் கைவிடப்பட்டு, நியமனம் வந்தது. ஆனால் இடையில் கனடாவிலேயே லண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்புகளால் மாகாணங்கள் வலுவடைந்திருந்தன. நாம் எடுத்துக்கொண்டது 1947இல் இருந்த கனடாவை அல்ல, 1867இல் எழுதியவர்கள் மனதில் இருந்த கனடாவை.

சில ஆண்டுகளுக்கு முன் ‘ஒன்றிய அரசு’ என்ற சொல்லை வைத்துத் தமிழ்நாட்டில் பெரிய வாக்குவாதம் நடந்ததே, அந்த ‘யூனியன்’ கனடாவின் சட்டத்திலும் உண்டு. கனடாக்காரர்கள் அதை ஏன் பயன்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது, நாங்கள் ஏன் பயன்படுத்தினோம் என்று சொல்ல முடியும் என்றார் அம்பேத்கர். மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்ததால் வந்த கூட்டாட்சி அல்ல இது, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்து போகும் உரிமை இல்லை; அதைச் சொல்லவே அந்தச் சொல். மாநில உரிமைக்காக ‘ஒன்றிய’ என்று எழுதுகிறவர்களும் அதைக் கேட்டு எரிச்சலடைகிறவர்களும் இந்த இடத்தைப் படித்தால் இரு தரப்புக்கும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

வீணை எங்கே?

இத்தனை வெளிச்சரக்கைப் பார்த்துச் சபைக்குள்ளேயே சலிப்பு எழுந்தது. மேற்கை அடிமைத்தனமாகப் பின்பற்றுகிறோம், சரணாகதியே அடைகிறோம் என்றார் லோகநாத் மிஸ்ரா. பின்னாளில் மைசூர் முதல்வராகி விதான சௌதாவைக் கட்டிய கெங்கல் ஹனுமந்தையா, நாங்கள் வீணை அல்லது சிதாரின் இசையைக் கேட்க விரும்பினோம், இங்கே ஒலிப்பது ஆங்கிலேயர் பேண்டு என்றார். பலருக்கு வீணை என்பது கிராமம், பஞ்சாயத்து, காந்தி.

அம்பேத்கர் அதற்கு இசைந்து போகவில்லை. கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய இடமே, தனிமனிதனை அலகாக எடுத்ததில் மகிழ்ச்சி என்றார். ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், கிராமியம் என்ற வீணை எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிடம் வாங்கியதாக அட்டவணை சொல்வதை அவரே ஏற்றிருக்க மாட்டார். 1954 அக்டோபரில் வானொலியில் பேசும்போது, என் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுத்ததாக யாரும் சொல்ல வேண்டாம், என் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார்.

அட்டவணையில் எந்த நாட்டின் பெயரையும் எழுத முடியாத பிரிவுகளும் உண்டு. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவுக்கு எங்கே முன்மாதிரி? சொத்து, வரி, படிப்பு பார்த்துச் சிறுபகுதியினருக்கு மட்டும் ஓட்டுக் கொடுத்த 1935 சட்டத்தை இத்தனை இடத்தில் பின்பற்றியவர்கள், வாக்குரிமையில் மட்டும் அதைத் தூக்கி எறிந்தார்கள். 1951–52 தேர்தலில் சுமார் 17.3 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

இடஒதுக்கீட்டின் கதை இன்னும் நெருக்கமானது. சென்னை மாகாணத்தில் 1920களிலிருந்து, சமூகவாரியாக இடங்களைப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை இருந்தது. 1950இல் புதிய அரசமைப்பு வந்ததும், சமத்துவப் பிரிவுகளைக் காட்டிச் செண்பகம் துரைராஜன் வழக்கு. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் அந்த அரசாணை செல்லாது என்றது. சென்னையில் கிளர்ச்சி வெடித்தது. சில வாரங்களில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) சேர்ந்தது. வெளியிலிருந்து வந்த சமத்துவச் சொல்லும் உள்ளூரில் முப்பது ஆண்டுகள் பழகிய நடைமுறையும் மோதியதில் நடைமுறைதான் வென்றது. வீணை எங்கே என்று கேட்டவர்களுக்கு இதையும் காட்டியிருக்கலாம்.

வைமரின் நோயும் மருந்தும்

நெருக்கடி நிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது எச். வி. காமத் சபையை எச்சரித்தார். ஜனநாயக நாடுகளின் அரசமைப்புகளில் இதற்கு இணையாக எதுவும் இல்லை, நெருங்கி வருவது ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் வைமர் அரசமைப்பு ஒன்றே, அதன் இதே மாதிரிப் பிரிவைப் பயன்படுத்தித்தான் ஹிட்லர் அதை அழித்தார் என்றார். வைமரின் 48ஆவது பிரிவைச் சொல்கிறார். 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், குடிமக்களின் உரிமைகளை நிறுத்தி வைத்த ஆணை அந்தப் பிரிவின் கீழ்தான் வந்தது. சபை கேட்டுக்கொண்டது, பிரிவுகளையும் நிறைவேற்றியது. 1975 ஜூன் 25 இரவு 352ஆவது பிரிவின் கீழ் வந்த நெருக்கடி நிலைப் பிரகடனமும், மிசாவில் உள்ளே போனவர்களின் கதையும் தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஜெர்மனியிடம் வாங்கிய கடன் அதோடு முடியவில்லை. நம் சபை வேலை செய்துகொண்டிருந்த அதே 1949இல், மே மாதம், மேற்கு ஜெர்மனி புதிய அடிப்படைச் சட்டத்தை ஏற்றது. வைமரில் சூடுபட்டவர்கள் அதன் 79(3)இல், மனித மாண்பு, ஜனநாயகம், கூட்டாட்சி போன்ற சில அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று எழுதிவைத்தார்கள். நம் அரசமைப்பில் அப்படி எதுவும் இல்லை. 368ஆவது பிரிவு திருத்தும் முறையைச் சொன்னதே தவிர, எல்லையைச் சொல்லவில்லை.

1965 பிப்ரவரியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் டீட்ரிச் கான்ராட் என்ற சட்ட அறிஞர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லைகள் உண்டா என்பது கேள்வி. அதிரடியான சில கற்பனை உதாரணங்களைச் சொன்னார். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு 21ஆவது பிரிவையே நீக்கிவிடலாமா? முகலாயப் பேரரசரையோ பிரிட்டிஷ் முடியையோ மறுபடி கொண்டுவரலாமா? முதல் பிரிவைத் திருத்தி, நாட்டைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று இரண்டாகப் பிரிக்கலாமா? கடைசி உதாரணத்தை அவர் சொன்ன அந்த வாரங்களில்தான் சென்னை மாநிலம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த உரையைப் படித்து வாதமாக்கி 1967இல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வைத்தவர் எம். கே. நம்பியார். ஆம், கோபாலனுக்காக வாதாடித் தோற்ற அதே நம்பியார். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற எல்லையை வகுத்தது. எடையைச் சாய்த்த நீதிபதி எச். ஆர். கன்னா தன் தீர்ப்பில் கான்ராடை மேற்கோள் காட்டினார். ஜெர்மானியர்கள் வெளிப்படையாக எழுதிவைத்த எல்லையை நம் நீதிமன்றம் எழுதாமலேயே உள்ளே படித்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில், நெருக்கடி நிலையின் நடுவிலேயே, பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணைக்கு அப்பால் வைக்க முயன்ற 39ஆவது திருத்தத்தின் பகுதி அந்த எல்லையில் மோதி விழுந்தது. வைமரின் நோயையும் வாங்கினோம், வைமருக்குப் பின் ஜெர்மனி கண்டுபிடித்த மருந்தையும் வாங்கினோம். தேர்வு அட்டவணையில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

1989இல் வங்கதேச உச்ச நீதிமன்றம் தன் நாட்டு அரசமைப்பின் எட்டாவது திருத்தத்தின் ஒரு பகுதியை ரத்து செய்தபோது இதே அடிப்படைக் கட்டமைப்பு வாதத்தைக் கையாண்டது. அங்கே அது இந்தியாவிடம் வாங்கிய கடன்.